தோருக்கு ஒரு தம்பி இருந்தான்

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். மதியம் பிரியாணி. அதற்கப்புறம் யாருக்கும் எழுந்திருக்க மனசில்லை. டிவியில் 'அவெஞ்சர்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. 2012-இல் வந்த முதல் படம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி மகன் ஒரு கேள்வி கேட்டான். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை, அதனால்தான் இந்தப் பதிவு. நாற்பதைத் தாண்டியவன் மார்வெல் படங்களில் வருகிற தோர் என்கிற சுத்தியல்காரனைப் பற்றி இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறானே என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், வண்டி மெதுவாகத்தான் போகும்.

முதலில் அப்பன்காரனைப் பிடிக்க வேண்டும். 2011-இல் வந்த முதல் 'தோர்' படத்தின் தொடக்கத்தில் ராஜா ஓடின் தன் இரண்டு பையன்கள் தோருக்கும் லோகிக்கும் பழைய போர்க் கதை சொல்லுவார். அரியணை ஏறப் போகிறவன் ஒருத்தன்தான், ஆனால் இரண்டு பேருமே ராஜாவாகப் பிறந்தவர்கள் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். பெருமையில் சொன்ன சொல்தான். அந்த வீட்டில் பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை அங்கேதான் விழுந்தது. நம் வீடுகளில் இதையே "யாரு முதல்ல துன்னு முடிக்கிறீங்கன்னு பாக்கலாம்" என்பார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கினால் போதும். பிள்ளைகள் அதைத் தட்டோடு கழுவிவிட்டு எழுந்திருப்பதில்லை.

முதல் படத்துத் தோர் எனக்குப் பிடிக்காத ஆள். வாய்க்கொழுப்பு, கைக்கொழுப்பு. பனி அரக்கர்களோடு வம்பிழுத்து அப்பனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பூமியில் நியூ மெக்சிகோ பக்கம் வந்து விழுகிறான். சுத்தியலும் அங்கேயே விழுகிறது, ஆனால் அவனால் தூக்க முடியவில்லை. இதற்கு நடுவில், தான் ஓடினுக்குப் பிறந்தவன் இல்லை, எதிரி ராஜா லாஃபியின் பிள்ளை, போர் முடிந்த இடத்தில் கிடந்த குழந்தையை ஓடின் எடுத்து வந்து வளர்த்தார் என்று தம்பி லோகிக்குத் தெரிய வருகிறது. கடைசியில் ஒரு சின்ன ஊரைக் காப்பாற்ற, "உனக்கு நான் என்ன கெடுதல் செய்திருந்தாலும் இவர்களை விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள்" என்று தம்பி ஏவிய இரும்பு பூதத்தின் முன்னால் தோர் வெறுங்கையோடு போய் நிற்கிறான். அப்போதுதான் சுத்தியல் கைக்கு வருகிறது. பலம் வந்து அதனால் நல்லவனானவன் இல்லை அவன். தம்பியிடம் தப்பை ஒத்துக்கொண்ட பிறகுதான் பலம் வந்தது. இது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். குடியாத்தத்தில் எங்களுக்குத் தறி. லுங்கி நெய்கிற வீடு. எனக்கு ஏழு வயசாக இருக்கும்போது சித்தி தவறிவிட்டார். சித்தப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போய்விட்டார். மூன்று வயசுப் பையனை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, "இனிமே இவன் உன் தம்பி" என்றாள். அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த என் இடம் போயிற்று. நான் படிப்பில் சுமார், தறியில் அதைவிடச் சுமார். அவன் பத்து வயதிலேயே அறுந்த இழையைப் பிணைப்பான். நைனா அவனைத்தான் தறிக்குழியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். டிவிஎஸ் 50 சாவியும் அவனிடம்தான் போகும். விசேஷ வீடுகளில் யாராவது "ரெண்டு பசங்களா?" என்று அம்மாவைக் கேட்டால், அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன்: "நான் ஒருத்தன்தான். அவன் சித்தி பையன்."

2012 கோடையில் நானும் அவனும் வேலூருக்குப் போய் 'அவெஞ்சர்ஸ்' பார்த்தோம். அதில் லோகி பூமிக்கு வந்து ஆட்களைக் கொன்று குவிக்கிறான். அவனைக் குறைவாகப் பேசாதே, அவன் என் தம்பி என்று தோர் வீறாப்பாகச் சொல்லுவான். ரெண்டே நாளில் எண்பது பேரைக் கொன்றிருக்கிறானே என்று பதில் வரும். அவன் தத்துப் பிள்ளைதான் என்று தோர் உடனே வழுக்கி விலகிவிடுவான். தியேட்டரே சிரித்தது. எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன். அவனும் சிரித்தான், என் பக்கம் திரும்பாமல்.

மார்வெல் படங்களில் ரொம்பப் பேர் ரசித்த நகைச்சுவைகளில் அது ஒன்று. எழுதியவர்களைக் குற்றம் சொல்லவில்லை, சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் தோர் என்கிற ஆளின் வளர்ச்சியை எங்கிருந்து அளக்கலாம் என்று கேட்டால், நான் அந்த வசனத்தில்தான் முதல் கோடு போடுவேன்.

எங்கள் பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு வளர்ப்புப் பிள்ளை வலி புதுசில்லை. கர்ண மோட்சக் கூத்தில் கர்ணன் போருக்குப் புறப்படும்போது மனைவி பொன்னுருவியோடு நடக்கிற தர்க்கத்தை விடிய விடியப் பாடுவார்கள். பிறப்பைச் சொல்லிச் சொல்லிக் குத்துவாள். அதிரதனும் ராதையும் அவனை வளர்த்ததில் ஒரு குறையும் இல்லை. ஊர்வாய்தான் விடவில்லை. அவன் தங்கள் அண்ணன் என்று பாண்டவர்களுக்குத் தெரிந்ததோ அவன் செத்த பிறகு. தெரிந்ததும் இந்த ரகசியத்தை இத்தனை நாள் மறைத்ததற்காகத் தர்மன் பெண்குலத்துக்கே சாபம் கொடுக்கிறான். தோருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. லோகி யார் என்று தெரிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு முறை அவனோடு சண்டை போடவும் சேரவும் அவனுக்கு வாய்ப்பு இருந்தது.

2013-இல் வந்த 'தி டார்க் வேர்ல்ட்' படத்தை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. வில்லன் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு காட்சிக்காக அதை மன்னித்துவிடுவேன். அம்மா ஃப்ரிக்கா, தோரின் காதலி ஜேனைக் காப்பாற்றப் போய் உயிரை விடுகிறாள். சிறையில் இருக்கும் லோகியைப் பார்க்கத் தோர் வருகிறான். லோகி தலைவாரி, நிமிர்ந்து, நக்கலோடு நிற்கிறான். மாய வேலை போதும் என்கிறான் தோர். மாயம் கலைகிறது. சாமான்கள் சிதறிக் கிடக்கின்றன. தலைவிரி கோலமாகத் தம்பி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறான். வயிற்றில் சுமந்தவள் இல்லை, வளர்த்தவள்தான். ஆனால் அந்த வீட்டில் அவளுக்காக உடைந்துபோனவன் அவன். அவனால் இறுதிச் சடங்குக்கும் போக முடியவில்லை.

இந்த இடத்தை எழுதக் கை கூசுகிறது. 2017 ஐப்பசி மாதம் நைனா தவறினார். கொள்ளிச்சட்டி என் கையில். அவன் பாடைக்கு முன்னால் நின்றிருந்தான். உறவுக்காரர் ஒருத்தர், "சொந்தப் பிள்ளை முன்னால வாப்பா, நீ கொஞ்சம் பின்னால போ" என்று அவன் தோளைப் பிடித்து நகர்த்தினார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சட்டி சுடுகிறது என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஆம்பூருக்குப் போனவன், ஒன்றரை வருஷம் என்னோடு பேசவில்லை.

அதே நவம்பரில்தான் 'ரக்னராக்' வந்தது. நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அப்பன் நார்வேயில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தபடி மறைகிறார். மறைத்து வைத்திருந்த மூத்த மகள் ஹேலா வெளியே வருகிறாள். சுத்தியலை ஒரு கையால் நொறுக்குகிறாள். அரண்மனைக் கூரையில் இருந்த அழகான சித்திரத்தை அவள் உடைக்க, உள்ளே பழைய சித்திரம் தெரிகிறது. அப்பனும் மகளும் ரத்தம் சிந்தி ராஜ்ஜியம் பிடித்த கதை அதில் இருக்கிறது. குந்தி ஆற்றில் விட்டதை ஓடின் சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் படத்தின் உச்சம் மின்னல் சண்டை இல்லை. லிஃப்டில் அண்ணனும் தம்பியும் மட்டும் நிற்கிற சின்னக் காட்சி. உன்மேல் உயிரையே வைத்திருந்தேன், எப்போதும் சேர்ந்தே சண்டை போடுவோம் என்று நினைத்தேன், ஆனால் நீ நீதான், நான் நான்தான் என்கிறான் தோர். கோபமே இல்லாமல் சொல்கிறான். தம்பி திருந்தினால்தான் தம்பி என்கிற நிபந்தனையை அந்த லிஃப்டிலேயே இறக்கி வைத்துவிடுகிறான். பிடியை விட்டதால்தான் லோகி கடைசியில் கப்பலோடு தானாகவே திரும்பி வருகிறான். நீ நிஜமாகவே இங்கே இருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன் என்று தோர் ஒரு பொருளைத் தூக்கிப் போட, லோகி அதைக் கையில் பிடித்து, இங்கேதான் இருக்கிறேன் என்கிறான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் வந்ததெல்லாம் அடிமேல் அடி. 2018 'இன்ஃபினிட்டி வார்' தொடக்கத்திலேயே வில்லன் தானோஸ் தோரின் கண்ணெதிரே லோகியின் கழுத்தை நெரிக்கிறான். விண்கலத்தில் ராக்கெட் என்கிற ரக்கூனிடம் (தோர் அதை முயல் என்றுதான் கூப்பிடுவான்) செத்தவர்களை ஒவ்வொருத்தராகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பான். 2019 'எண்ட்கேம்' படத்தில் கோடாலியால் தானோஸ் தலையை வெட்டுகிறான். வெட்டி ஒன்றும் ஆகவில்லை. ஐந்து வருஷம் கழித்துத் தொப்பையும் பீருமாக உட்கார்ந்திருக்கிறான். அந்தத் தொப்பையைப் பார்த்து ஊர் சிரித்தது. எங்கள் தெருவில் தறி போன பிறகு அப்படி உட்கார்ந்துவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடாலி என்றதும் எங்கள் ஊர் சிரசு ஞாபகம் வருகிறது. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அப்பன் சொல் கேட்டுப் பெற்ற தாயின் தலையை வெட்டிய பரசுராமன், அடுத்த நிமிஷம் அதே அப்பனிடம் அம்மாவைத் திருப்பித் தா என்று வரம் கேட்கிறான். அவசரத்தில் தலை வேறொரு பெண்ணின் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தலைதான் ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு சேர்கிறது. சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். பழைய மாதிரியே ஒட்டாது, ஆனாலும் சாமிதான். 'எண்ட்கேம்'மில் தோர் காலத்தில் பின்னோக்கிப் போய், சாகப்போகிற நாளில் அம்மாவைச் சந்தித்து அழுவதையும் நான் இப்படித்தான் பார்த்தேன். அவளைக் காப்பாற்ற முடியாது. பேச மட்டும் முடியும். பேசிவிட்டுக் கையை நீட்டுகிறான். பழைய சுத்தியல் வந்துவிடுகிறது.

2019-இல் அம்மாவுக்கு மார்பில் கட்டி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்த ஊர்க்காரர்களுக்குப் புற்றுநோய் செய்தித்தாள் வார்த்தை இல்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் சாலைக்கு எதிர்ச் சந்துகளில் நடந்து பாருங்கள், லாட்ஜ் போர்டிலிருந்து ஓட்டல் போர்டு வரை வங்காளியில் எழுதியிருக்கும். கல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஃபைலும் ஸ்கேன் கவருமாக வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. எத்தனை கணவன்மார்கள் தலைமுடி கொட்டிய மனைவிக்கு லாட்ஜ் மாடியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்!

அதனால்தான் 2022-இல் வந்த 'லவ் அண்ட் தண்டர்' படத்தை எல்லாரும் திட்டியபோது என்னால் முழுசாகச் சேர்ந்து திட்ட முடியவில்லை. ஆடு கத்துகிற நகைச்சுவை எனக்கும் எரிச்சல்தான், பாதியை வெட்டியிருக்கலாம். ஆனால் ஜேனுக்கு நான்காம் கட்டப் புற்றுநோய். சுத்தியலைத் தூக்கினால் அவளும் தோர் ஆகிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் அது உடம்பில் சிகிச்சைக்கு இருக்கிற தெம்பை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் வில்லன் கோர் நினைத்ததைக் கேட்டு வாங்கப் போகிற நொடியில், தோர் அவனுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போய் ஜேனை மடியில் போட்டுக்கொள்கிறான். ஆயிரத்தைந்நூறு வருஷமாகச் சண்டை மட்டுமே தெரிந்தவன், சண்டையை நடுவில் விட்டுவிட்டு ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்காருகிறான். காதல் என்று அந்தப் படங்களில் நான் ஒத்துக்கொள்கிற ஒரே காட்சி அது. முதல் படத்துக் காதல் எல்லாம் வெறும் பார்வை.

கோர் தன் செத்துப்போன மகளைத் திருப்பிக் கேட்டு வாங்குகிறான், வாங்கிவிட்டு அவனும் செத்துப்போகிறான். அந்தப் பெண் குழந்தையை யார் வளர்ப்பது? தோர். பழைய எதிரியின் குழந்தைக்குக் காலையில் டிபன் செய்து, என்ன செருப்பு போடுவது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். (அந்தக் குழந்தையாக நடித்தது கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தின் சொந்த மகளாம். வளர்ப்பு மகளாக நடிக்கச் சொந்த மகள்!) தத்துப் பிள்ளைதான் என்று சிரித்து நழுவியவன், அப்பன் ஓடின் செய்த அதே காரியத்தைப் பத்து வருஷம் கழித்துச் செய்கிறான். ஒரு வித்தியாசம், குழந்தைக்குத் தான் யார் பெற்ற பிள்ளை என்று முதலிலிருந்தே தெரியும். நான் போட்ட கோட்டின் மறுமுனை இதுதான். நடுவில் அம்மா, அப்பன், அக்காள், தம்பி, ஊர், காதலி என்று அத்தனையும் போக வேண்டியிருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் சொன்னார்களோ, இரண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அவன் கையில் டிபன் கேரியரோடு வந்து நின்றான். என்னைப் பார்த்து, "துன்னியா?" என்றான். நான் இல்லை என்றேன். வெளி வராந்தாவில் பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். அன்றைக்கும் நான் மன்னிப்பு கேட்கவில்லை. அவன் எனக்கு இன்னொரு இட்லி வைத்தான். அம்மா பிழைத்துக்கொண்டாள். இப்போது அவன் வீட்டில் பாதி மாதம், என் வீட்டில் பாதி மாதம்.

போன ஞாயிறு டிவியில் அந்த வசனம் வந்தது. நானும் தம்பியும் சிரிக்கவில்லை. அவன் பையனுக்கு எட்டு வயசு. மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துவிட்டு அப்பன் கையைப் பிடித்து இழுத்தான்.

"தத்துன்னா இன்னாப்பா?"

தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "உங்க பெரியப்பாவைக் கேளுடா."

பையன் என் பக்கம் திரும்பினான். உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். நான் ரிமோட்டைத் தேடினேன்.