டீன் மட்டும் பொறுப்பு இல்லை

"சேலம் ஜி.எச். வளாகத்தில் கட்டட வேலை நடந்தால் பாதுகாப்புக்கு டீன்தான் முழுப் பொறுப்பு, டெண்டர் விட்டதோடு பொதுப்பணித்துறை வேலை முடிந்தது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. பலர் அதைப் பகிர்வதால் சொல்லியே ஆக வேண்டும்.

அரசு மருத்துவமனைக் கட்டடங்களை வழக்கமாகக் கட்டுவதும் மேற்பார்வையிடுவதும் பொதுப்பணித்துறைதான். தளத்தில் தினமும் நின்று பார்க்க வேண்டியவர்கள் அவர்களுடைய பொறியாளர்கள். சாரம் கட்டுவது, ஹெல்மெட், பெல்ட் எல்லாம் ஒப்பந்தக்காரரின் சட்டக் கடமை. 1996-ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டமே அதைச் சொன்னது. அதை ஆய்வு செய்வது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இது டீன் அலுவலகத்தின் கீழ் வருவதே இல்லை.

சரி, மருத்துவமனைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. பழைய சுவரை இடிக்கும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் பறக்கும். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்கு அது நுரையீரலில் இறங்கினால் உயிரே போகலாம். அதனால் வார்டு பக்கம் தரையிலிருந்து கூரை வரை இடைவெளியின்றி தடுப்பு வேண்டும். பச்சை வலை போதவே போதாது. ஆக்சிஜன் குழாய் போகும் இடத்தைக் குறிக்காமல் துளை போடக் கூடாது. தீ விபத்தின்போது வெளியேறும் வழியில் ஜல்லி, கம்பி கொட்டக் கூடாது. இவற்றை மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவும் பொறியாளரும் வேலை தொடங்கும் முன்பே சேர்ந்து பேசியிருக்க வேண்டும்.

ஆகவே புகார் எழுதுபவர்கள் டீனுக்கு மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பொதுப்பணித்துறை செயற்பொறியாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள்.