கிருஷ்ணகிரி கோட்டையில் குண்டைவிடக் கல்தான் கொடுமை
1791 கிருஷ்ணகிரி மலைக்கோட்டைத் தாக்குதலில் காயம்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினர் எல்லாருமே பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் இரையானவர்கள் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த நவம்பரில் கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை மலையடி ஊரான பேட்டையைப் பிடித்துவிட்டு மேல்கோட்டைக்கு ஏணி சாத்தியபோது, திப்புவின் வீரர்கள் உருட்டிவிட்ட பாறைகள் ஏணிகளையும் ஆட்களையும் சேர்த்தே நொறுக்கின. நசுங்கிய கால் பல குண்டுக் காயங்களைவிட மோசம்: எலும்பு சில்லுசில்லாகும், சதை செத்துப்போகும், அழுகல் ஏறும் முன் துண்டித்தாக வேண்டும். அக்கால முறைப்படி ரத்தத்தை நிறுத்தத் தொடையில் திருகுப்பட்டையை இறுக்கி, தோலைச் சுற்றி அறுத்து மேலே இழுத்துப் பிடித்து, சதையை வெட்டி, எலும்பை அதைவிட உயரத்தில் ரம்பத்தால் அறுப்பார்கள். அப்போதுதான் சதை எலும்பு முனையை மூடும். தமனியைக் கட்டிய நூலின் முனை வெளியே நீளமாகத் தொங்கும். நாள் கழித்துத் தானாகக் கழல வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ரத்தம் மறுபடி பீறிடும். மயக்க மருந்தான குளோரோஃபார்ம் கொடுத்திருப்பார்களே என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அது அறுவைக்கு வந்ததே 1847இல். அன்று இருந்தது அபினும் சாராயமும். காயம்பட்டவர்களைப் படுக்கவைத்துச் சுமக்கும் டோலியின் தூக்கிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. ஒரு டோலிக்கு நான்கு பேராவது வேண்டும். அவர்கள் காய்ச்சலில் விழுந்தால் மாட்டுவண்டிதான் கதி, அதன் குலுக்கலில் துண்டித்த காயம் திறந்துகொள்ளும்.