பருந்தின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்
டெல்லியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பட்டம் விடும்போது, கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலில் அறுபடும் பருந்துகளுக்கு முதலில் வாயில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது ஒரு கட்டுரை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். தலையோடு சேர்த்துத் துண்டைப் போர்த்தி, நகம் பதியாதபடி இரண்டு கால்களையும் பிடித்து, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். தொங்கும் நூலை வெட்டிவிடலாம், சதையில் புதைந்ததை இழுக்கவே கூடாது. பெரும்பாலும் கிழிவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் மெல்லிய தோல்தான். அது காய்ந்து சுருங்கிவிட்டால் பிறகு தைத்தாலும் இறக்கை முழுதாக விரியாது, பருந்து பறக்க முடியாமலே போய்விடும். சலைனில் (மருத்துவ உப்புநீரில்) நனைத்த, காயத்துக்குப் போடும் மெல்லிய காஸ் துணியை அதன்மேல் போட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.