68 கிலோ பிடிப்பு பக்கவாட்டுக்குப் பொருந்தாது

டேபிள் சாவில் (மரம் அறுக்கும் மேசை ரம்பம்) மரத்தை நேராக வழிநடத்தும் சட்டமான ஃபென்ஸை, திருகினால் ஒட்டும், விடும் ஸ்விட்ச் மேக்னெட்டால் பிடிப்பது பற்றி, "150 பவுண்டு ஸ்விட்ச் மேக்னெட் ரெண்டு இருந்தா ஃபென்ஸ் அசையாது, எந்த மெஷின்லயும் ஒட்டும்"னு ஒருத்தர் சொன்னது ரெண்டுமே தப்பு, சார். அந்த 150 பவுண்டு (68 கிலோ) தடிமனான, சுத்தமான இரும்பிலிருந்து நேராக மேலே இழுத்தால்தான். மரம் ஃபென்ஸைத் தள்ளுவதோ பக்கவாட்டில். அங்கே உராய்வு மட்டுமே தாங்கும். ஒரு காந்தத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, 13-14 கிலோ. மேலே மெழுகோ மரத்தூளோ இருந்தால், தகடு மெல்லிசாக இருந்தால் இன்னும் குறையும். பெங்களூரு மொட்டை மாடிகளில் ஓடும் சின்ன டேபிள் சாக்களில் பலவற்றுக்கு மேல்தட்டே அலுமினியம், ஒட்டவே ஒட்டாது! ஃபென்ஸின் பின்முனையில் ஒரு கிளாம்ப் போடுங்கள். ஃபெதர்போர்டு (மரத்தை ஃபென்ஸோடு அழுத்திப் பிடிக்கும், சீப்பு போன்ற பலகை) பிளேடுக்கு முன்னால், நீங்கள் நிற்கும் பக்கம் மட்டும். பிளேடுக்கு நேராக வைத்தால் வெட்டு மூடி பிளேடைக் கவ்வி, மரம் உங்கள் பக்கமே பாயும்.