சைக்கிள் கட்ட ஒரு கம்பி இல்ல, பசுமையாமா பசுமை!

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் ஆச்சுன்னா போதும். நம்ம கோவை, திருப்பூர் கம்பெனிக்காரங்க கேட்டுக்கு முன்னால ஒரு புங்கங்கன்னு நட்டு, பேனர் கட்டி, "பஸ்ல வாங்க, சைக்கிள்ல வாங்க, புகையைக் குறைங்க"ன்னு வேலைக்கு வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கறாங்க. ஏனுங்க, சைக்கிள்ல வர்றவன் அதை எங்க நிறுத்துவான்னு யோசிச்சீங்களா?

காருக்குத் தகரக் கூரை போட்ட ஷெட். சைக்கிளுக்கு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால மொட்டை வெயில். மிஞ்சிப் போனா முன் சக்கரத்தை மட்டும் சொருகற மாதிரி ஒரு கம்பி வரிசை. அதைக் கண்டுபுடிச்சவன் சைக்கிள் ஓட்டியே இருக்கமாட்டான். மொத்த வண்டியும் அந்த ஒத்தச் சக்கரத்தைப் புடிச்சுத்தான் நிக்குது. பக்கத்து வண்டி சாஞ்சுதுன்னா ரிம் வளையும், அப்புறம் கோட்டம் எடுக்கக் கடைக்கு நடக்கோணும். பூட்டறதும் முன் சக்கரத்துல மட்டும்தான். நட்டைக் கழட்டிச் சக்கரத்தை உட்டுட்டு மிச்சத்தைத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

வேணுங்கறது என்னன்னா, ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) வளைச்சுத் தலைகீழ் 'ப' மாதிரி ஒரு வளைவு. தரைக்கு மேல 75 சென்டிமீட்டர், தரைக்குள்ள ஒரு அடி கான்கிரீட். ஒன்னுக்கும் ஒன்னுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி. வளைவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள், பிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். ஒரு கார் நிக்கற, 5 மீட்டர் நீளம் ரெண்டரை மீட்டர் அகலம் உள்ள இடத்துல 5 வளைவு, 10 சைக்கிள். கோவை கணபதி ஏரியா லேத் பட்டறையில கேட்டா மத்தியானத்துக்குள்ள வளைச்சுக் குடுத்துருவாங்க. மேல ரெண்டு தகரம். பக்கத்துல தாழ்ப்பாள் ஒழுங்கா விழற பாத்ரூம், ஒரு வாளி, சட்டை மாட்ட ஆணி. சித்திரை வெயில்ல மிதிச்சு வர்றவனுக்கு இதுகூட இல்லைன்னா ரெண்டாம் நாளே பைக்கை எடுத்துருவான்.

சரி, எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ங்கறீங்க. வாங்கிட்டு வந்தா சார்ஜ் எங்க போடறது? செக்யூரிட்டி ரூம் ஜன்னல் வழியா வர்ற ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சாதாரண சார்ஜர் 750 வாட்ஸ்னு வெச்சாலும் மூணேகால் ஆம்பியர் இழுக்கும். நாலு வண்டி சொருகினா 13 ஆம்பியர். அந்த பாக்ஸோ 6 ஆம்பியர்து, வயரு நூலாட்டம். பிளக் பழுப்பாகும், நாத்தம் வரும், அப்புறம் "இனி யாரும் சார்ஜ் போடக் கூடாது"ன்னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. தப்பு வண்டி மேலயா, வயரிங் மேலயா? மெயின் போர்டுல இருந்து தனி லைன் இழுங்க. ஒவ்வொரு வண்டிக்கும் 16 ஆம்பியர் சாக்கெட், அதுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரு, தனி எம்.சி.பி. (லோடு அதிகமானா தானா விழற சுவிட்ச்), மேல 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்தற சுவிட்ச்), சரியான எர்த். வெயில்ல ஓடி வந்த சூட்டோட உடனே சொருகாம அரை மணி ஆற உடோணும்னு செவுத்துல எழுதி வைங்க. 30 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஒரு யூனிட். பத்து ரூபாய்னு வெச்சாக்கூட நீங்க கெஸ்டுக்குக் குடுக்கற டீயைவிடக் கம்மி. அதுக்குப் போய் அத்தனை கணக்கு!

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடறது பஞ்சிங் மெஷின். ஒன்பது மணி அஞ்சு நிமிஷம்னா அரை நாள் சம்பளம் கட். காரமடையில இருந்து கோவைக்கு மேட்டுப்பாளையம் ட்ரெயின்ல வர்றவரு, வடகோவையில இறங்கி டவுன் பஸ் மாறோணும். ட்ரெயின் பத்து நிமிஷம் லேட்டுன்னா அவரு என்ன பண்ணுவாரு? பொம்பளைகளுக்கு 2021-ல இருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஆனா அந்த பஸ் வர்ற வரைக்கும் நிக்கோணும், அதுக்குள்ள மூணு தனியார் பஸ் ஹாரன் அடிச்சுட்டுப் போயிரும். மாசத்துல ரெண்டு அரை நாள் போச்சுன்னா தவணையில ஒரு ஸ்கூட்டி வாங்கறதே லாபம்னு தோணும். வாங்கறாங்க. அவங்களை ரோட்டுக்கு இழுத்தது உங்க மெஷின்தான். 20 நிமிஷம் முன்னப்பின்ன வரலாம், சாயங்காலம் அதே அளவு சேர்த்து இருக்கோணும்னு ஒரு வரி மாத்துங்க. திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட் ஓட்டி ராத்திரி எட்டரைக்கு உடறவங்க, அந்நேரத்துக்கு பஸ் இருக்குதான்னு பார்த்துட்டு உடுங்க, இல்லைன்னா வேன் போடுங்க.

கடைசியா அந்த பெட்ரோல் அலவன்ஸ். ஆர்.சி. புக் காட்டினா மாசாமாசம் காசு, பஸ் பாஸ் காட்டினா ஒன்னுமில்லை. புகை உடறவனுக்குப் பரிசு, உடாதவனுக்கு உபதேசமா? வண்டி இருக்கோ இல்லையோ, வீட்டுக்கும் கம்பெனிக்கும் உள்ள தூரத்தை வெச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுங்க. பஸ்ல வர்றவன் மிச்சம் புடிச்சா அது அவன் காசு.