செடாருக்கு வந்து சேர வேண்டியவை

சாண்ட்விச்சிலும் பர்கரிலும் செடார் சீஸ் தின்கிற பலருக்கு அது ஓர் ஊரின் பெயர் என்பதே தெரியாது. இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), மெண்டிப் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிற பெரிய கிராமம் அது. ஏறக்குறைய 6,000 பேர் வாழ்கிறார்கள். பிரிட்டனில் எனக்குப் பிடித்த ஊர்களில் முதல் வரிசையில் அதை வைப்பேன். அதனாலேயே அதைப் பற்றி ஓர் ஆதங்கமும் உண்டு. பெயர், எலும்பு, தண்ணீர் என்று ஊரில் விளைந்த நல்லதெல்லாம் வெளியே போய்விட்டது. ஊருக்கு வருகிற கூட்டமோ மலையிடுக்குச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டே படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

சீஸிலிருந்தே தொடங்குகிறேன். 1170ஆம் ஆண்டின் அரசுக் கணக்கில், இரண்டாம் ஹென்றி மன்னருக்காக 10,240 பவுண்டு எடை செடார் சீஸ் வாங்கியதாகப் பதிவு இருக்கிறது. நம் கணக்கில் நாலரை டன்னுக்கும் மேல். விலை, ஒரு பவுண்டுக்குக் கால் பென்னி. அப்போதே அரண்மனைச் சமையலறை வரைக்கும் பெயர் போயிருக்கிறது. பிறகு 19ஆம் நூற்றாண்டில், அதே சாமர்செட்டில் மார்க்ஸ்பரி என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் ஹார்டிங் என்பவர், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு சுத்தம் என்று இந்தத் தொழிலுக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். தெரிந்ததை மறைக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். குடியேறிகளோடு அந்தச் செய்முறை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போனது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செய்து, செடார் என்று பெயர் ஒட்டி விற்கலாம். சட்டத் தடை எதுவும் இல்லை.

பிரான்சில் ரோக்ஃபோர் என்கிற சின்ன ஊரைப் பாருங்கள். அங்கேயும் குகை, அங்கேயும் சீஸ். அந்த ஊர்க் குகைகளில் பழுக்காத எதற்கும் ரோக்ஃபோர் என்று பெயர் வைக்கக் கூடாது என்று 1925லேயே பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். செடாருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. வெகுகாலம் கழித்து 'வெஸ்ட் கன்ட்ரி ஃபார்ம்ஹவுஸ் செடார்' என்ற நீளமான பெயருக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு வந்தது. அதுவும் நான்கு கவுண்டிகளுக்குப் பொது. செடார் என்ற தனிப்பெயரின் மேல் அந்த ஊருக்கு இன்றும் எந்த உரிமையும் இல்லை. இது அநியாயம் என்றுதான் சொல்வேன்.

இத்தனைக்கும் ஊருக்குள்ளேயே சீஸ் செய்கிற இடம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. போனால் அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். திரித்த பால் கட்டியானதும் அதைப் பாளம் பாளமாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். மேலே இருக்கும் பாளத்தின் கனத்தில் அடியில் இருப்பது நசுங்கித் தண்ணீர் வடிகிறது. கொஞ்சம் விட்டுத் திருப்பி அடுக்குகிறார்கள். மறுபடியும் வடிகிறது. கையால் பிய்த்தால் வெந்த கோழிக்கறி மாதிரி நார் நாராக வரும்வரை இது நடக்கும். அப்புறம்தான் பொடித்து, உப்புப் போட்டு, துணி சுற்றி அழுத்தத்தில் வைப்பது. இந்த அடுக்கித் திருப்பும் வேலைக்கே உலகம் முழுக்க 'செடாரிங்' என்றுதான் பெயர். அங்கே செய்கிற சீஸில் ஒரு பகுதியைப் பக்கத்தில் இருக்கிற கஃப் குகைக்குள் அடுக்கிப் பழுக்க வைக்கிறார்கள். வருடம் முழுக்க மாறாத குளிர்ச்சியும் ஈரமும் அங்கே இயற்கையாகவே கிடைக்கிறது.

அதே குளிர்ச்சிதான் இன்னொரு பொக்கிஷத்தையும் காத்து வைத்திருந்தது. 1903இல் அந்தக் குகையில் வேலை நடந்தபோது ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்தது. வயது ஏறக்குறைய 10,000 ஆண்டுகள். பிரிட்டனில் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்த எலும்புக்கூடுகளில் மிகப் பழையது இந்தச் 'செடார் மனிதன்'தான். 2018இல் மண்டையோட்டில் சிறு துளை போட்டு, உள்காது எலும்பிலிருந்து மரபணு எடுத்து ஆராய்ந்தார்கள். கருத்த தோலும் வெளிர்நிறக் கண்களும் கொண்டவனாகப் பெரும்பாலும் இருந்திருப்பான் என்று முடிவு வந்தது. 'பிரிட்டன் ஆதியிலிருந்தே வெள்ளையர் நாடு' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டு எப்படிக் கொதித்தார்கள் என்பது நினைவிருக்கலாம். எனக்கு அந்தச் செய்தியைவிட 1997இல் நடந்த சோதனைதான் இன்னும் பெரியதாகப் படுகிறது. அவனுடைய பல்லிலிருந்து எடுத்த தாய்வழி மரபணு, அதே செடாரில் வாழ்ந்த ஒருவருடையதோடு பொருந்தியது. அந்தத் தாய்வழி ஐரோப்பாவில் வேறு பலருக்கும் உண்டுதான். ஆனாலும் பத்தாயிரம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் குகை இருக்கும் ஊரிலேயே ஒருவர் கிடைத்தது சாதாரண விஷயமா?

அவனுக்கும் முன்னால், சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இருந்தவர்கள், இறந்தவர்களின் மண்டையோடுகளை நுணுக்கமாகச் செதுக்கிக் கிண்ணங்களாக்கியிருக்கிறார்கள். எலும்புகளில் இறைச்சியை வெட்டிய தடமும் கடித்த தடமும் இருக்கின்றன. மனித இறைச்சியைத் தின்றிருக்கிறார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இல்லை.

செடார் மனிதனின் அசல் எலும்புகள் லண்டனில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊரில் இருப்பது நகல். ஆராய்ச்சிக்கு லண்டன் வசதி என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆய்வு முடிந்த பிறகும் அவன் ஏன் அங்கேயே இருக்க வேண்டும்? தட்பவெப்பம் கட்டுப்படுத்திய ஓர் அறையைச் செடாரிலேயே கட்டி, அசலை அங்கே வைக்கட்டும். பார்க்க விரும்புகிற லண்டன்காரர் அங்கே வரட்டும்.

தண்ணீர்க் கதையும் இதே மாதிரிதான். மெண்டிப் மலையில் பெய்கிற மழையில் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடி ஆறாக ஓடி, செடாரில் வெளியே வருகிறது. ஒரு காலத்தில் ஊரில் மாவு ஆலையும் காகித ஆலையும் அந்தத் தண்ணீரில் ஓடின. 1930களில் பெரிய வட்ட நீர்த்தேக்கம் கட்டினார்கள். அந்தத் தண்ணீர் பிரிஸ்டல் பக்கம் போகிறது. குடிநீர் என்பதால் இதில் மட்டும் எனக்குக் கோபம் இல்லை.

மலையிடுக்கைப் பார்க்கப் போய் ஊரையும் பார்த்தவர் ஒருவர் உண்டு. அடிமை வணிகத்தை எதிர்த்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1789இல் செடார் பாறைகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் அழகைப் பற்றிப் பேசவில்லை. அங்கே இருந்த ஜனங்களின் வறுமை அவரைச் சாப்பிடக்கூட விடவில்லை. செடாருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று எழுத்தாளர் ஹானா மோரிடம் சொன்னார். அதே ஆண்டில் ஹானா மோரும் அவர் தங்கையும் அங்கே பள்ளி தொடங்கினார்கள். எழுத்து தெரிந்தால் கூலியாட்கள் சொன்னபடி கேட்க மாட்டார்கள் என்று பண்ணையார்கள் எதிர்த்தும் நிறுத்தவில்லை. குகையைப் பார்க்கிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கோடை விடுமுறையில் போகாதீர்கள், சாலை கார்களால் அடைத்துக்கொள்ளும். காரைக் கீழே நிறுத்திவிட்டு ஏறுங்கள். 274 படிகள் கொண்ட 'ஜேக்கப்ஸ் லேடர்' மூச்சு வாங்க வைக்கும், ஆனால் மேலே போய் நின்றால்தான் அந்த இடுக்கு எவ்வளவு பெரியது என்று புரியும். ஆழமான இடத்தில் 137 மீட்டர். பனியுகத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது, உள்ளே இறங்க வழியில்லாத உருகுநீர் மேலாகவே பாய்ந்து அறுத்தெடுத்த பள்ளம் அது. எதிர்ப்பக்கம், வடக்குச் சரிவு, இயற்கை இடங்களையும் பழைய கட்டிடங்களையும் பாதுகாக்கிற 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை வசம். அங்கே நடக்கக் கட்டணம் இல்லை, காட்டாடுகளும் கண்ணில் படும். இறங்கி வந்ததும் சீஸ் வாங்குவதாக இருந்தால் அந்த ஊரிலேயே செய்ததைக் கேட்டு வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட் விலையைவிடக் கூடுதல்தான். அந்தக் கூடுதல் காசாவது செடாரில் தங்கட்டும்.