தம்பி ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஏழாம் வகுப்பில் நான் நடத்தும் ஒரு சின்னக் கதை. இரண்டு பக்கம்தான் இருக்கும். அண்ணனும் தம்பியும் மழையில் வீட்டுக்கு வருகிறார்கள். இருப்பது ஒரே குடை. அண்ணன் அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே நடக்கிறான். வீட்டு வாசலில் அப்பா, "குடை கொண்டுபோயும் இப்படித் தொப்பலா நனைஞ்சு வந்து நிக்கிறியே" என்று அண்ணனைத் திட்டுகிறார். தம்பி பக்கத்திலேயே நிற்கிறான், ஒன்றும் சொல்லவில்லை. 'அண்ணன் ஒரு தடவை திரும்பித் தம்பியைப் பார்த்தான்' என்று ஒரு வரி. தம்பி குடையை மடக்கி மூலையில் சாத்துகிறான். அதோடு கதை முடிந்துவிடும்.

இதைப் பல வருடங்கள் ஒரே மாதிரிதான் நடத்திவந்தேன். சத்தமாக வாசிப்பேன். சொற்பொருள் சொல்வேன். 'மையக்கருத்து: உடன்பிறப்பின் விட்டுக்கொடுக்கும் மனம்' என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவார்கள், நானும் முழு மதிப்பெண் போடுவேன். ஒரு வருடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. 40 தாளிலும் அதே வாக்கியம். ஒரு கதையைப் படித்த 40 பிள்ளைகளுக்கும் எழுத்து மாறாமல் ஒரே வாக்கியம் எப்படித் தோன்றும்? அந்த வாக்கியத்தைக் கதை கொடுக்கவில்லை, நான் கொடுத்திருக்கிறேன். அப்படியென்றால் அவர்கள் கதையைப் படிக்கவே இல்லை.

அடுத்த வருடம் கரும்பலகையைத் தொடவில்லை. வகுப்பை நாலைந்து பேராகப் பிரித்து உட்காரவைத்தேன். கதையை ஒரு முறை நானே வாசித்தேன். அப்புறம் அவர்களே மௌனமாக ஒரு முறை படித்தார்கள், கையில் பென்சிலோடு. எங்கே இடறுகிறதோ அங்கே ஒரு கோடு போடச் சொன்னேன். பிறகு ஒரே ஒரு கேள்வி: தம்பி ஏன் வாயைத் திறக்கவில்லை?

முதல் ஐந்து நிமிடம் எதிர்பார்த்த பதில்கள்தான். பயந்துவிட்டான். தனக்குத் திட்டு விழக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டான். ஒரு குழுவில் ஒரு பையன், "அவன் சுயநலம் பிடிச்சவன் டீச்சர்" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். அந்தக் குழுவின் ஓரத்தில் ஒரு பெண். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான், வருடம் முழுக்க அவள் குரலை நான் கேட்டதில்லை. அவள் புத்தகத்தை நடுவில் தள்ளி ஒரு வரியில் விரலை வைத்தாள். "அண்ணன் திரும்பிப் பார்த்தான்னு போட்டிருக்கு. சொல்லாதேன்னு கண்ணைக் காட்டியிருப்பான்" என்றாள்.

குழுவே ஒரு கணம் அடங்கிப்போனது. பிறகு பிடித்துக்கொண்டது. சுயநலம் என்று சொன்ன பையன் விடவில்லை: "இல்லை, நீயாவது சொல்லேன்டான்னு பார்த்திருப்பான்." சொல்லு என்ற பார்வையா, சொல்லாதே என்ற பார்வையா? பக்கத்துக் குழுக்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு இங்கே திரும்பின. ஒருத்தன் முந்தைய பக்கத்துக்குப் போய், குடையைக் கொடுக்கும்போது அண்ணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அவன் எதையுமே பார்வையில்தான் சொல்கிறவன் என்று காட்டினான். இன்னொருத்தி, கதை முழுக்கத் தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று எங்கேயுமே எழுதவில்லை, அதனால் நாம் தீர்மானிக்க முடியாது என்றாள். பன்னிரண்டு வயது. கதாசிரியர் சொல்லாமல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அது வேண்டுமென்றே விட்ட இடம் என்று வாதாடுகிறாள். 'விட்டுக்கொடுக்கும் மனம்' என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனை காலம் இதையெல்லாம் நான் அடைத்து வைத்திருந்திருக்கிறேன். மணி அடித்தது தெரியவில்லை.

இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள் சிலர், "உங்களுக்கு நல்ல வகுப்பு அமைஞ்சுது" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேள்வி அமைந்தது. அந்தக் கேள்விக்கான விடை என்னிடமும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியர் விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வியைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அப்புறம் அவர்கள் கதையைப் பார்க்க மாட்டார்கள், நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் தலையாட்டினால் அது சரி, புருவம் சுருங்கினால் அடுத்த கை உயரும். பெரும்பாலான வகுப்புகளில் கலந்துரையாடல் என்ற பெயரில் நடப்பது இந்த முகம் பார்க்கும் விளையாட்டுதான்.

எவ்வளவு குறைவாக நாம் பிள்ளைகளைப் பேசவிடுகிறோம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. மார்ட்டின் நிஸ்ட்ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மொழிப் பாடவேளைகளில் மாணவர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசிக்கொண்ட நேரம் சராசரியாக ஒரு நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. அதற்கும் முன்னால், 1970களில், மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை உட்கார்ந்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சுமார் 1 விநாடி. அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்த பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். படிக்கும்போது சுலபமாகத் தெரிகிறது. வகுப்பில் நின்று மனசுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், அந்த மௌனம் அப்படிக் கனக்கும். நான் இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணுகிறேன். ஒரு பிள்ளை பேசி முடித்த பிறகும் இன்னொரு முறை எண்ணுகிறேன். 'ரொம்பச் சரி' என்று நான் முந்திக்கொண்டால், அதே கருத்தை இன்னொரு பிள்ளை மறுக்கவிருந்த வழி அடைபட்டுவிடும்.

இங்கே ஒரு பயம் எல்லோருக்கும் வரும். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னால் எதுவும் சரி என்று ஆகிவிடாதா? நியாயமான பயம். லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க இலக்கிய ஆய்வாளர் 1938லேயே, பொருள் புத்தகத்துக்குள் மட்டும் இல்லை, வாசகரும் பிரதியும் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது என்று எழுதிவிட்டார். ஆனால் எல்லா வாசிப்பும் சமம் என்று அவர் சொல்லவே இல்லை. பக்கத்தில் இருக்கும் சொற்கள் தாங்காத வாசிப்பு நிற்காது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். அதை என் வகுப்பில் ஒரே கேள்வியாக வைத்திருக்கிறேன்: "எந்த வரி?" யார் என்ன சொன்னாலும் இந்தக் கேள்வி வரும். இப்போது நான் கேட்பதே குறைந்துவிட்டது, அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணனுக்குத் தம்பி மேல் பொறாமை என்றான் ஒருவன். எந்த வரி என்றார்கள். தேடினான், தேடினான், கிடைக்கவில்லை. சரி, விட்டுவிடுகிறேன் என்று அவனே வாபஸ் வாங்கிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. சான்று இல்லாத கருத்தைக் கௌரவமாகக் கைவிடப் பழகுவது எத்தனை பெரியவர்களுக்கு வாய்த்திருக்கிறது?

குழு அமைப்பதில் நான் பட்ட அடிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு பொறுப்பு கொடுக்கும் முறையைப் பலர் அறிந்திருப்பீர்கள். ஒருவர் கேள்வி தயாரிப்பார், ஒருவர் கடினச் சொல் தேடுவார், ஒருவர் படம் வரைவார், ஒருவர் வாழ்க்கையோடு இணைத்துப் பேசுவார். ஹார்வி டேனியல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1994இல் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை இது. ஆரம்பத்தில் கைகொடுக்கும். என் வகுப்பில் மூன்றாம் வாரமே தாளை நிரப்பும் வேலையாகிவிட்டது. படம் வரைகிறவன் கதையைப் படிக்காமல் குடையை மட்டும் அழகாக வரைந்துகொண்டிருந்தான். அந்தப் பொறுப்புத் தாள்கள் இயந்திரத்தனமாகிவிடும், கொஞ்ச நாளில் கைவிட வேண்டியவை என்று டேனியல்ஸே பிற்பாடு எச்சரித்திருக்கிறார். பேச்சுச் சீட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஆளுக்கு மூன்று சீட்டு, பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். சத்தக்காரர்கள் அடங்கினார்கள், உண்மைதான். ஆனால் மற்றவர்கள் சீட்டைத் தீர்ப்பதற்காகவே பேசினார்கள். நிறுத்திவிட்டேன்.

இப்போது செய்வது எளிது. பேசுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் எல்லோரும் எழுத வேண்டும். கதையில் எனக்குப் புரியாத ஒரு இடம், என்னைத் தொந்தரவு செய்த ஒரு இடம். நாலு வரி போதும், பிழை பார்க்க மாட்டேன். கையில் எழுதியது இருந்தால் கூச்சமுள்ள பிள்ளைக்கும் பிடிமானம் கிடைக்கிறது, அதை அப்படியே வாசித்தால்கூடப் போதும். பேசி முடித்ததும் மறுபடி ஐந்து நிமிடம் எழுத்து: என் கருத்து மாறியதா, யார் சொன்னதால், எந்த வரியால். இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்கு மதிப்பீடு. வேறு எந்தப் பரீட்சையும் ஒரு பிள்ளை யோசித்த பாதையை இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை.

தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் கதையை முதலில் நான் வாசிக்கிறேன். கண்ணால் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு ஒரு படி முன்னால் நிற்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்குக் கதை புரியாது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். முந்தைய பக்கத்துக்குப் போய் அண்ணன் பேசாதவன் என்று காட்டியவன் அப்படிப்பட்ட ஒரு பையன்தான். ஒரு பத்தியை வாசித்து முடிக்க அவனுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் கேட்ட கதையில் எது எங்கே இருக்கிறது என்று அவன் மனசில் வரைபடம் போட்டிருந்தான்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. "உங்க வீட்டில் இப்படி நடந்திருக்கா?" என்று வகுப்பின் நடுவில் கேட்கக் கூடாது. கதையை வாழ்க்கையோடு இணைக்கிறோம் என்று நல்லெண்ணத்தில்தான் கேட்கிறோம். ஆனால் அப்பாவிடம் அடி வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி ஒரு பொறி. கதை மாந்தரைப் பற்றிப் பேசும் சுதந்திரமே அவன் தன்னைப் பற்றிப் பேசாமல் பேசுவதற்கான இடம். அண்ணனுக்காக அத்தனை கோபப்பட்ட பிள்ளை ஏன் கோபப்பட்டது என்று நான் தோண்டுவதில்லை. அதுவாக வந்து சொன்னால் தனியாகக் கேட்டுக்கொள்வேன்.

வகுப்பில் சத்தம் வருகிறது என்ற புகார் எனக்கும் வந்தது. சிலபஸ் முடியாது என்பார்கள். உண்மைதான், எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நானும் நடத்துவதில்லை. இலக்கணத்தை நேரடியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பருவத்தில் மூன்று பாடங்களுக்காவது இந்த நேரத்தை ஒதுக்கிவிடுகிறேன். மற்றவற்றை வேகமாக நடத்திக்கொள்ளலாம், பிள்ளைகள் அதற்குள் கதை படிக்கப் பழகியிருப்பார்கள்.

இதெல்லாம் எங்கிருந்தோ வந்த புது முறை என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. நன்னூலில் பவணந்தி முனிவர், ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு அறிவுதான் என்கிறார். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மீதி அரை, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதில். 13ஆம் நூற்றாண்டின் கணக்கு. நாம் அந்த முதல் கால் பங்கையே முழுசாக நினைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை பேசித் தீர்க்கிறோம்.

சரி, டீச்சர் கடைசிவரை தன் கருத்தைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன், கடைசியில், நானும் குழுவில் ஒருத்தியாக. போன வருடம் அதே கதை. எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, "நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். தம்பி குடையை மூலையில் சாத்தும்போது அவன் கை நடுங்கியிருக்கும், குற்ற உணர்ச்சி அவனைத் தின்றிருக்கும் என்று சொன்னேன். முன் வரிசைப் பையன் ஒருவன் புத்தகத்தைக் குனிந்து பார்த்தான், மறுபடி ஒரு முறை படித்தான், அப்புறம் நிமிர்ந்தான்.

"எந்த வரி டீச்சர்?"

தேடினேன். இல்லை. விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பேச்சு அவர்களிடம் தொடர்ந்தது.